நெடியவனும் நிலமும்

ஏழடிக்கு மேல் வளர்ந்த ஓர் ஆட்டக்காரர் இருக்கிறார். கைகள் நீளமானவை, கால்கள் மெதுவானவை. அவரை ஒரு கூடைப்பந்து அணி ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா? அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகளில் தலைமுறைகளாகத் தீராமல் நடந்துவரும் வழக்கு இது. உயரத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது, மற்றவற்றை எல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது ஒரு தரப்பு. வேகத்தையும் கற்றுக்கொடுக்க முடியாதே என்பது மறுதரப்பு. இரண்டும் உண்மை. அதனாலேயே வழக்கு தீராமல் கிடக்கிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்த வழக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு மனிதனின் தகுதி அவனுக்குள்ளேயே இருக்கிறதா, அவனை நாம் நிறுத்தும் இடத்தில் இருக்கிறதா என்ற கேள்வி இலக்கியத்துக்குப் புதியதல்ல. அந்தக் கேள்வியை அங்குலக் கணக்கிலும் நொடிக் கணக்கிலும் சோதித்துப் பார்க்கக் கூடைப்பந்து ஆடுகளம் போல் வசதியான இடம் வேறு இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெதுவான நெடியவரை அணி எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அவருக்காகத் தன் ஆட்டத்தை மாற்றி அமைத்துக்கொள்ளும் மனம் அந்த அணிக்கு இருக்க வேண்டும். அது இல்லாத அணி அவரைத் தொடாமல் விடுவதே அவருக்கும் நல்லது, அணிக்கும் நல்லது.

முதலில் உயரத்துக்கு இந்த ஆட்டத்தில் ஏன் இத்தனை மதிப்பு என்று பார்க்கலாம். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடக் கைப்பிடியில் அடித்து வைத்தார். கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. ஆராய்ந்து குறித்த அளவல்ல அது. கட்டடம் கட்டியவர் வைத்த அளவு. ஆடுகளத்தின் கோடுகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. வளையம் மட்டும் அந்தப் பத்தடியிலேயே நிற்கிறது. கைப்பிடி இன்னும் இரண்டடி மேலே அமைந்திருந்தால், இந்தக் கட்டுரைக்குப் பொருளான மனிதர்களுடைய வாழ்க்கையின் கணக்கே வேறாக இருந்திருக்கும். ஒருவனுடைய உயரம் வரமாவதும் வெறும் உயரமாகவே நிற்பதும் அவனுக்கு வெளியே, யாரோ ஒரு கொத்தனாரின் கையில் இருந்திருக்கிறது.

வரத்தைக் கண்டு ஆட்டம் அஞ்சவும் செய்தது. வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டிவிடக் கூடாது என்ற விதி அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1940களின் நடுவில் வந்தது. மினியாபொலிஸ் அணியின் ஜார்ஜ் மைக்கன் வளையத்தடியில் அசைக்க முடியாதவராக நின்றபோது, தாக்கும் அணியினர் 3 நொடிக்கு மேல் நிற்கக்கூடாத பகுதியின் அகலத்தை 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். வில்ட் சேம்பர்லின் காலத்தில், 1964இல், அது 16 அடியாயிற்று. நெடியவரை வளையத்திலிருந்து தள்ளி நிறுத்தவே ஆட்டம் தன் கோடுகளை அழித்து அழித்து வரைந்தது. ஆகவே சென்டர் எனப்படும் மைய ஆட்டக்காரரை மதிப்பிடும்போது, எந்த ஆண்டின் கோடுகளுக்குள் அவர் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இங்கே எனக்குத் திருக்குறளின் பொருட்பால் நினைவுக்கு வருவது தொழில் பழக்கமாக இருக்கலாம். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னரே ஆளைத் தேர்ந்து தெளிவதும், தேர்ந்தவனிடம் வினையை ஒப்படைப்பதும் வருகின்றன. ஆளைப் பார்க்கும் முன் இந்த மூன்றையும் பார் என்பதே அந்த வரிசையின் பொருள் என்று கொள்கிறேன். அணி நிர்வாகிகள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஆளைப் பார்த்து வியக்கிறார்கள். மற்றவற்றை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு யோசிக்கிறார்கள்.

வலியிலிருந்து தொடங்குவோம். பகைவனின் வலியை அறிவதற்கு முன் தன் வலியை அறிய வேண்டும். நெடியவரைப் பொறுத்தவரை அந்த வலி கையில் இல்லை. பாதத்தின் சிறு எலும்புகளிலும் குதிகால் தசைநாணிலும் இருக்கிறது. மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது வண்டிக்கு. ஏழரை அடி மனிதரின் பாதத்துக்கும் அது பொருந்தும். சீனாவின் யாவ் மிங் 7 அடி 6 அங்குலம். 2002இல் ஹூஸ்டன் அணி, டிராஃப்ட் எனப்படும் புதுமுகத் தேர்வில் அவரை முதல் ஆளாக எடுத்தது. முதல் மூன்று பருவங்களில் அவர் தவறவிட்ட ஆட்டங்கள் இரண்டே. பருவம் முடிந்தால் கோடையில் தம் நாட்டு அணிக்கும் ஆடினார். பிறகு பாத எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. 2009-10 பருவம் முழுவதும் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் ஆடியது 5 ஆட்டங்கள். 2011 ஜூலையில், 30 வயதில், ஓய்வு அறிவித்தார். அவரை எடுத்தது தவறென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தப் பாதங்கள் தாங்கக்கூடிய சுமை எவ்வளவு என்ற கேள்வியை, ஏற்றிவிட்ட பின்னரே எல்லோரும் கேட்டார்கள்.

இதற்கு மாறாக, வலியை முன்கூட்டியே அறிந்து செய்த ஓர் ஒப்பந்தம் 1995இல் நடந்தது. லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் 1964இல் பிறந்த அர்விதாஸ் சபோனிஸ் 7 அடி 3 அங்குலம். போர்ட்லாண்டு அணி 1986லேயே புதுமுகத் தேர்வில் 24ஆவது ஆளாக அவரைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது. சோவியத் அரசு அப்போது அவரை அனுப்புவதாக இல்லை. குதிகால் தசைநாண் கிழிந்தது, மீண்டும் கிழிந்தது. 1988இல் சிகிச்சைக்காகப் போர்ட்லாண்டுக்கே வந்து அந்த அணியின் மருத்துவர்களிடம் தேறினார். அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக் அரையிறுதியில் 82-76 என்ற கணக்கில் அமெரிக்காவைச் சாய்த்த சோவியத் அணியின் நடுவில் நின்றார். சோவியத் அணிக்குத் தங்கம். பிறகு ஸ்பெயினில் ஆறு ஆண்டுகள். 1995இல் போர்ட்லாண்டு மீண்டும் அவரை அழைத்தபோது அவருக்கு வயது 30. துள்ளிய இளைஞர் போய், காலை இழுத்து நடக்கும் ஒருவர் எஞ்சியிருந்தார். எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்துச் சொன்னால், மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்தத்தில் இடம் பெறத் தகுதியுள்ளவர் இவர் என்று மருத்துவர் கூறியதை அணியின் அன்றைய தலைவர் பாப் விட்சிட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்படியிருந்தும் எடுத்தார்கள். எடுத்தவர்கள் அவரை ஓடவிடவில்லை. 48 நிமிட ஆட்டத்தில் முதல் பருவத்தில் அவர் ஆடியது சராசரியாக 24 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. வளையத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பந்தை அவர் கையில் கொடுத்து, மற்றவர்களை அவரைச் சுற்றி ஓடவிட்டார்கள். நடமாட இயலாத கால்களுக்கு மேலே, ஆடுகளம் முழுவதையும் ஒரே பார்வையில் வாசிக்கும் கண்கள் இருந்தன. முதுகுக்குப் பின்னாலும் பந்தைச் சரியான கைக்குச் சேர்க்கும் விரல்கள் இருந்தன. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 14.5 புள்ளிகள், 8.1 ரீபவுண்டுகள். சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பிலும், சிறந்த மாற்று ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பிலும் இரண்டாமிடம். போர்ட்லாண்டில் ஏழு பருவங்கள் ஆடினார். 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அந்த அணி மேற்குப் பிரிவின் இறுதிச்சுற்று வரை சென்றது. எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. ஆனால் அது கால்களைப் பற்றி மட்டுமே சொன்னது.

அடுத்தது காலம். எதிர்க்கட்சியின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். என்.பி.ஏ. 1979-80 பருவத்தில் மூன்று புள்ளிக் கோட்டை வரைந்தது. அதன் முழுப் பொருளையும் அணிகள் உணர முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2010களின் நடுவிலிருந்து ஐந்து பேருமே தொலைவிலிருந்து எறியக்கூடிய அணிகள் பெருகின. அப்போது வளையத்தடியில் நிற்கும் காவலர் தம் எதிராளியைத் தேடிக் கோட்டுக்கு வெளியே, 23 அடிக்கு அப்பால் போயாக வேண்டும். அங்கே போனால் மெதுவான கால்கள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. எதிரணி பந்தை வைத்திருப்பவருக்கு ஒரு மறைப்பு அமைத்துக் கொடுத்து, வேண்டுமென்றே நெடியவரை அவர் முன்னால் இழுத்து வருகிறது. சேற்றில் கால் புதைந்த யானையை நரி வீழ்த்தும் உவமையைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டுமென்றால் இதைப் பார்க்கலாம்.

செர்பியாவின் போபான் மர்யானோவிச் இதற்கு நல்ல சான்று. 7 அடி 4 அங்குலம். 2015இல் சான் அன்டோனியோ அணிக்கு வந்தார். ஆடிய நிமிடங்களைக் கொண்டு கணக்கிட்டால் அவருடைய எண்கள் நட்சத்திர ஆட்டக்காரர்களின் எண்களோடு போட்டியிடும். 2016இல் டெட்ராய்ட் அணி மூன்று ஆண்டுகளுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் எந்தப் பயிற்சியாளரும் அவரை நீண்ட நேரம் களத்தில் விட்டுவைக்கத் துணியவில்லை. 2024க்குள் ஆறு அணிகளின் சட்டையை அணிந்துவிட்டார், எங்கும் நேசிக்கப்பட்டார், எங்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். நிமிடக் கணக்கு இத்தனை நன்றாக இருந்தால் நிமிடங்களைக் கூட்ட வேண்டியதுதானே என்று கேட்பது எளிது. எதிரணி அவருக்கு மருந்து கண்டுபிடிக்கும்வரைதான் அந்தக் கணக்கு செல்லும் என்று பயிற்சியாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அச்சத்துக்கும் ஒரு விலை உண்டு. 2013 மே மாதம், கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். இண்டியானா அணி மயாமியில் கூடுதல் நேரத்தில் ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கிறது. மீதமிருப்பது சில நொடிகள். இண்டியானாவின் மைய ஆட்டக்காரர் ராய் ஹிபர்ட் 7 அடி 2 அங்குலம், மெதுவானவர், வளையத்தைக் காப்பதில் அந்த ஆண்டுகளில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. மயாமியின் நெடியவரான கிறிஸ் பாஷ் வெளியிலிருந்து எறியக்கூடியவர். ஹிபர்ட்டால் அவரைத் துரத்த முடியாது என்று எண்ணிய பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல், ஹிபர்ட்டைப் பெஞ்சில் உட்கார வைத்தார். லெப்ரான் ஜேம்ஸ் பந்தை வாங்கினார்; காவலரைக் கடந்தார்; காவலில்லாத வளையத்தில் பந்தை வைத்துவிட்டு வந்தார். 103-102. மெதுவான நெடியவர் களத்தில் இருப்பதால் நேரும் இழப்பு கண்ணுக்குத் தெரியும். அவர் இல்லாததால் நேரும் இழப்பு பெரும்பாலும் தெரியாது. அன்று ஒரு நாள் அது தெரிந்தது.

இதே ஹிபர்ட் எதிர்க்கட்சிக்கும் சாட்சி சொல்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2014இல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர் 2017க்குப் பிறகு என்.பி.ஏ.வில் ஆடவில்லை. அவர் மாறவில்லை, காலம் மாறிற்று. பகலில் காக்கையிடம் தோற்கும் கூகையின் கதை இது. கூகையின் வலிமை எங்கும் போய்விடவில்லை, பொழுது விடிந்துவிட்டது.

இனி இடம். காலத்தை அணியால் மாற்ற முடியாது. இடத்தை மாற்ற முடியும். மார்க் ஈட்டனின் கதை நெடியவர்களின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. 7 அடி 4 அங்குலம். பள்ளி நாட்களில் கூடைப்பந்தில் சோபிக்காமல், கார் மெக்கானிக்காகக் கலிபோர்னியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். உள்ளூர்க் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் அவரைக் கண்டு, வற்புறுத்தி மீண்டும் ஆட அழைத்துவந்தார். பின்னர் புகழ்பெற்ற யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியில் சேர்ந்து, அங்கே பெரும்பாலும் பெஞ்சில் கழித்தார். வேகமாக ஓடும் சிறிய ஆட்டக்காரர்களைத் துரத்தித் துரத்திக் களைத்துப்போயிருந்த ஒரு நாளில், ஓய்வுபெற்ற சேம்பர்லின் அவரைத் தனியே அழைத்து அறிவுரை சொன்னார். அவர்களை உன்னால் பிடிக்க முடியாது. பிடிப்பது உன் வேலையும் அல்ல. வளையத்துக்கு முன்னால் நில், எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்தாக வேண்டும். ஈட்டன் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த செய்தியின் சாரம் இது.

இடனறிதல் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல உரை எழுத முடியுமா என்று தெரியவில்லை. முதலைக்கு நீரைக் காட்டிக்கொடுத்தார் சேம்பர்லின். 1982இல் யூட்டா ஜாஸ் அணி புதுமுகத் தேர்வின் நான்காம் சுற்றில், 72ஆவது ஆளாக ஈட்டனை எடுத்தது. 1984-85 பருவத்தில் அவர் 456 வீச்சுகளைத் தடுத்தார், ஆட்டத்துக்கு 5.56. தடுப்புகளைக் கணக்கெடுக்கத் தொடங்கிய 1973-74 முதல் ஒரு பருவத்தில் வேறெவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1985இலும் 1989இலும் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது. இத்தனைக்கும் ஆட்டத்துக்கு அவர் எடுத்த புள்ளிகள் சராசரியாக 6 மட்டுமே. அதுவரை ஒருமுறைகூடப் பருவத்துக்குப் பிந்தைய சுற்றுக்குத் தகுதிபெறாத அந்த அணி 1984இல் முதன்முறையாகத் தகுதி பெற்றது. ஈட்டனுடைய கால்கள் கல்லூரியில் எவ்வளவு மெதுவோ, யூட்டாவிலும் அவ்வளவே மெது. மாறியது அவர் நின்ற இடமும், அந்த இடத்துக்கு எதிராளியைத் தள்ளிக்கொண்டு வந்த மற்ற நால்வரின் வேலையும்தான்.

அது பழங்காலம், இன்று எடுபடாது என்பார்கள். பிரான்சின் ரூடி கோபெரை எடுத்துக்கொள்வோம். ஈட்டன் அளவுக்கு மெதுவானவர் அல்லர். ஆனால் வளையத்தடியே அவருக்கும் வீடு. 2021 ஜூனில் கிளிப்பர்ஸ் அணி ஐந்து எறிவாளர்களைப் பரப்பி நிறுத்தி, 25 புள்ளி பின்தங்கிய நிலையிலிருந்து யூட்டாவை வீழ்த்தியது. கோபெர் காக்க வேண்டிய டெரன்ஸ் மான் அன்று எடுத்தது 39 புள்ளிகள். நெடியவர்களின் காலம் முடிந்தது என்று அன்று பலரும் எழுதினார்கள். யூட்டாவின் வெளிக்காவலர்கள் வாசலைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்ததால்தான் கோபெர் ஓரத்தில் நின்ற மானை விட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டியிருந்தது என்பதைச் சிலர் மட்டுமே கவனித்தார்கள். 2022இல் பெருவிலை கொடுத்து அவரை வாங்கிய மினசோட்டா அணி, நீண்ட கைகள் கொண்ட காவலர்களை அவருக்கு முன்னால் நிறுத்தியது. 2023-24 பருவத்தின் சிறந்த தற்காப்பு அணி அதுவே. கோபெருக்கு நான்காம் முறையாகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது. அதே ஆண்டு மேற்குப் பிரிவு இறுதிச்சுற்றில் லூக்கா டோன்சிச் அவரைக் கோட்டுக்கு வெளியே இழுத்து நிறுத்தி, பின்வாங்கி எறிந்த மூன்று புள்ளியில் ஓர் ஆட்டத்தை வென்றதும் உண்மை. இடத்தை மாற்றிக்கொடுத்தால் நெடியவர் வெல்லவே செய்வார் என்று நான் சொல்லவில்லை. மாற்றிக்கொடுக்காவிட்டால் தோற்பது அவர் மட்டும் அல்லர் என்கிறேன்.

மெதுவான கால் என்றால் மெதுவான ஆள் என்று முடிவுகட்டுவதும் தவறு. டென்வரின் நிகோலா யோகிச் நிற்கும் மைய ஆட்டக்காரர்களில் அப்படியொன்றும் நெடியவர் அல்லர். ஏழடிக்கு ஓரங்குலம் குறைவு. ஓட்டமும் துள்ளலும் சாதாரணம். 2014இல் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் 2023இல் கோப்பையையும் வென்றார். சபோனிஸுக்காகப் போர்ட்லாண்டு செய்ததை டென்வர் இன்னும் துணிச்சலாகச் செய்தது: ஆட்டத்தின் அச்சையே அவர் கையில் கொடுத்தது.

இவ்வளவும் அணியின் பக்கம் நின்று பேசியது. ஒப்பந்தத்தில் இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது. பஞ்சாபின் ஒரு சிற்றூரிலிருந்து வந்த சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே ஃபுளோரிடாவின் விளையாட்டுப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். 2015இல் டாலஸ் அணி அவரை 52ஆவது ஆளாக எடுத்தபோது, இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் ஆள் என்று நாம் கொண்டாடினோம். என்.பி.ஏ.வில் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. டாலஸின் துணை அணியில் ஆடினார். பின்னர் மல்யுத்தக் காட்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இதில் யாரையும் குற்றம் சாட்ட எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு சிறுவனின் உயரத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர், அவன் எந்த ஆட்டத்தில், எந்த இடத்தில், எந்த வேலைக்காக நிற்கப்போகிறான் என்று யோசித்தார்கள் என்ற கேள்வியை விலக்க முடியவில்லை. நெடியவரைப் பரிசுச்சீட்டு போல வாங்கி வைக்கும் பழக்கம் அணிகளுக்கு உண்டு. விழுந்தால் லாபம், விழாவிட்டால் கிழித்துப் போடலாம். சீட்டுக்கு வலிக்காது. முழங்காலுக்கும் பாதத்துக்கும் வலிக்கும்.

ஆகவே ஒப்பந்தத்துக்கு முன் அணி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. இவருடைய உடல் எத்தனை நிமிடம் தாங்கும், அதற்கு மேல் ஒரு நிமிடமும் கேட்காமல் இருக்க நம்மால் முடியுமா? நாம் மோதப்போகும் அணிகள் இவரை எங்கே இழுத்துச் செல்லும், அங்கே போகாமலே ஆடும் வழி நம்மிடம் உண்டா? இவரை நிறுத்தப்போகும் இடத்துக்காக மற்ற நால்வரின் ஆட்டத்தைத் திருத்தப் பயிற்சியாளர் சம்மதிக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் கையெழுத்திடலாம். 1982இல் யூட்டாவும் 1995இல் போர்ட்லாண்டும் இட்ட கையெழுத்து அது. ஒன்றுக்கேனும் இல்லை என்றால், அவரை இன்னொரு அணிக்கு விட்டுவிடுவதே நேர்மை. அவர் மெதுவானவர் என்பது ஒப்பந்தத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே எடுத்துக்கொண்ட பிறகு, ஏன் ஓடவில்லை என்று அவரைக் கேட்கும் உரிமை எந்த அணிக்கும் இல்லை.